பார்க்காத அலைவரிசைக்கும் பணம்

மாதத் தொடக்கத்தில் வீட்டு வாசலுக்கு வரும் கட்டணப் பட்டியல்களில், மின்சாரத்துக்கும் நீருக்கும் அடுத்த இடத்தைத் தொலைக்காட்சிச் சந்தா பிடித்துக்கொண்டு பல ஆண்டுகளாகின்றன. நிலையான கட்டணம் என்று ஒரு சிறு தொகை இருப்பினும், மின்சாரத்துக்கு நாம் எரித்த அலகுக்கே பணம் செலுத்துகின்றோம். நீருக்கும் அவ்வாறே. தொலைக்காட்சிக்கு மட்டும் நாம் பார்த்ததற்கன்றி, நாம் பார்க்கக்கூடும் என விற்பவர் கருதும் அனைத்துக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டியிருக்கின்றது. கடையில் ஒரு கிலோ பருப்புக் கேட்பவரிடம், பருப்பைத் தனியே தர முடியாது, கடுகு, வெந்தயம், சவர்க்காரம் அனைத்தையும் சேர்த்து எடுத்தால் மட்டுமே தருவோம் என்று கடைக்காரர் கூறினால் அதனை எவரும் ஏற்கமாட்டார்கள். அலைவரிசைப் பொதி என்ற பெயரில் அதே நிபந்தனை விதிக்கப்படும்போது நாம் அனைவரும் பேசாமல் பணத்தைச் செலுத்திவிடுகின்றோம்.

எமது அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டு அனுபவம் இதற்கு நல்ல உதாரணம். ஓய்வுபெற்ற ஆசிரியையான அவரது தாயாருக்கு இரண்டு தமிழ் அலைவரிசைகள் போதும். மகனுக்கு கிரிக்கெட், மகளுக்கு விலங்குகள் பற்றிய விவரண நிகழ்ச்சிகள். மொத்தத்தில் நான்கே அலைவரிசைகள். அவை மூன்று வெவ்வேறு பொதிகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. நான்கையும் பெற வேண்டுமாயின் அனைத்தையும் உள்ளடக்கிய உயர்தரப் பொதியையே எடுக்க வேண்டும் என வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் பணிவாகக் கூறினர். நான்கை மட்டும் தனியே தர முடியாதா என்று கேட்டபோது, அவ்வாறான ஏற்பாடு கணினியில் இல்லை என்பது பதிலாக இருந்தது. நண்பர் உயர்தரப் பொதியையே எடுத்தார். அதில் அவர் இதுவரை திறந்தும் பாராத அலைவரிசைகள் எண்பதுக்கு மேல் உள்ளன.

இது ஒரு நிறுவனத்தின் பேராசை என்று கூறி முடித்துவிடக் கூடிய விடயமன்று. பொதியாக விற்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வீட்டார் நாடக அலைவரிசைக்கு 300 ரூபாவும் கிரிக்கெட்டுக்கு 100 ரூபாவும் கொடுக்கத் தயாராக இருக்கின்றனர் எனவும், அயல் வீட்டாரின் விருப்பம் இதற்கு நேர்மாறானது எனவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 300 ரூபாவுக்குத் தனித்தனியே விற்றால் விற்பவருக்கு 600 ரூபா கிடைக்கும். இரண்டையும் கட்டி 400 ரூபாவுக்கு விற்றால் இரு வீட்டாரும் வாங்குவர். அவருக்கு 800 ரூபா கிடைக்கும். இரு வீடுகளுக்கும் இரண்டு அலைவரிசைகள் கிடைத்துவிடுகின்றனவே, இதில் யாருக்கு நட்டம் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வி முற்றிலும் நியாயமற்றதன்று. ஆனால், மூன்றாவது வீடொன்றில் நாடகம் மட்டும் பார்க்கும், 300 ரூபாவுக்கு மேல் செலவிட இயலாத ஒருவர் இருக்கின்றார். தனி விற்பனை இருந்தால் அவருக்கு நாடகம் கிடைத்திருக்கும். பொதி முறையில் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அல்லது இயலாத விலையைக் கொடுக்க வேண்டும். ஏழை வீடுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வீடாகவே இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

இந்த வியாபார உத்தி செய்மதித் தொலைக்காட்சியுடன் பிறந்ததுமன்று. அமெரிக்காவில் பழைய திரைப்படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்ற நிறுவனங்கள், நல்ல படங்களுடன் ஓடாத படங்களையும் சேர்த்தே தலையில் கட்டின. 'காசாபிளாங்கா'வை வாங்க விரும்பிய வாஷிங்டன் நிலையமொன்று, 'கொரில்லா மேன்' போன்ற பெயர் மறந்துபோன படங்களையும் சேர்த்து வாங்க நேர்ந்தது. 1962 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. நிலையங்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, வீட்டில் அமர்ந்து பார்க்கும் பார்வையாளருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது பொருத்தமான கேள்விதான்.

அலைவரிசைகளைத் தனித்தனியே விற்கச் செய்வதற்கு நீண்ட காலமாக முயன்று வரும் நாடு எமது அயல்நாடான இந்தியா. அந்த முயற்சி முதலில் நடைமுறைக்கு வந்த நகரம் சென்னை என்பது எமது வாசகர்களுள் பலர் அறியாத செய்தியாக இருக்கக்கூடும். 2002 இறுதியில் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, 2003 செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் கட்டண அலைவரிசைகளைப் பார்ப்பதற்குத் தனிப் பெட்டி பொருத்த வேண்டும் என்ற நடைமுறை அங்கு கொண்டுவரப்பட்டது. ஏனைய பெருநகரங்கள் பின்வாங்கிய நிலையில் சென்னை மட்டுமே சில ஆண்டுகள் அதனைச் சுமந்தது. 2006 இல், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், இம்முறை அமுலாகும் பகுதிகளில் இலவச அலைவரிசைகள் குறைந்தது முப்பதுக்கு மாதம் 77 இந்திய ரூபா எனவும், கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாவுக்கு மேற்படக் கூடாது எனவும் நிர்ணயித்தது. இன்று எண்ணிப் பார்க்கும்போது அது பொற்காலம் போலத் தோன்றுகின்றது.

கேபிள் என்பது அங்கு வெறும் வியாபாரமாக இருந்ததில்லை. 2007 இல் கருணாநிதியின் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் இடையே பிளவு ஏற்பட்டவுடன் தமிழக அரசே ஒரு கேபிள் நிறுவனத்தை ஆரம்பித்தது. உறவு சீரானதும் அது உறங்கிப்போனது. 2011 இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதனை மீண்டும் எழுப்பி, மாதம் 70 ரூபாவுக்கு இணைப்பு வழங்கினார். அரசியல் பகையின் பயனாகவேனும் மக்களுக்கு மலிவான இணைப்புக் கிடைத்தது என்று திருப்திப்படலாம். ஆனால் ஆளுங்கட்சிக்கு வேண்டாத அலைவரிசைகளின் கதி என்னாகும் என்ற அச்சமும் அன்று முதல் அங்கு தொடர்கின்றது.

2017 மார்ச்சில் ட்ராய் வெளியிட்ட கட்டண ஆணை இவற்றுள் மிகப் பெரியது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் உச்ச சில்லறை விலை அறிவிக்கப்பட வேண்டும். எந்த அலைவரிசையையும் தனியாக வாங்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு. பொதியில் சேர்க்கப்படும் அலைவரிசையின் விலை 19 ரூபாவைத் தாண்டக் கூடாது என்பன அதன் சாரம். ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை மேல் நீதிமன்றத்தை நாடின. 2018 மார்ச்சில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்க, மூன்றாவது நீதிபதி மே மாதம் ஆணையைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். ஆனால் பொதிக்கு வழங்கும் கழிவு 15 சதவீதத்தை மீறக் கூடாது என்ற விதியை மட்டும் அவர் நீக்கினார். அவ்வாண்டு ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய, 2019 பெப்ரவரி முதலாம் திகதி ஆணை நடைமுறைக்கு வந்தது.

நீக்கப்பட்ட அந்த ஒரேயொரு விதியில்தான் விடயம் முழுவதும் தங்கியிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. கழிவுக்கு எல்லை இல்லாது போனதும் ஒளிபரப்பாளர்கள் என்ன செய்தனர்? சன் டிவி உட்பட முன்னணி அலைவரிசைகள் பலவற்றுக்கு, அனுமதிக்கப்பட்ட உச்ச விலையான 19 ரூபாவையே குறித்தனர். அதேவேளை, அந்த அலைவரிசையுடன் வேறு பலவற்றையும் சேர்த்த பொதியைப் பெரும் கழிவுடன் விற்றனர். இரண்டு அலைவரிசைகளைத் தனியே வாங்குவதும் ஒரு முழுப் பொதியை வாங்குவதும் ஏறக்குறைய ஒரே செலவு என்றால், தனியே வாங்குபவரை முட்டாள் என்றே அயலவர் கருதுவர். தெரிவு செய்யும் உரிமை தாளில் இருந்தது. அதனைப் பயன்படுத்துவதில் பயனில்லாதவாறு விலை அமைந்திருந்தது.

இதற்கு மேலாக, எதனையும் பார்ப்பதற்கு முன்னரே 'வலையமைப்புக் கட்டணம்' என 130 ரூபா செலுத்த வேண்டியிருந்தது. வரியுடன் சேர்த்து அது 153 ரூபா 40 சதம். இதற்குப் பதிலாக நூறு அலைவரிசைகள் கிடைத்தன. ஆயினும் அந்த நூறில் தூர்தர்ஷனின் பல மொழி அலைவரிசைகள் இருபதுக்கு மேல் கட்டாயமாக இடம்பெற்றன. மதுரையில் உள்ளவர் தமக்கு விளங்காத மொழிகளின் அலைவரிசைகளையும் சுமக்க வேண்டியிருந்தது. தெரிவுச் சுதந்திரம் என்ற பெயரில் வந்த ஆணை, பொதிக்குப் பதிலாக மற்றொரு பொதியையே வாசலில் வைத்தது. பத்து முன்னணி அலைவரிசைகளைத் தெரிவு செய்யும் ஒருவரது மாதச் செலவு 230, 240 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 300 ரூபாவாக உயரக்கூடும் என கிரிசில் மதிப்பீட்டு நிறுவனம் அப்போதே கணித்திருந்தது.

ட்ராய் சும்மா இருக்கவில்லை. 2020 ஜனவரியில் பொதியில் சேர்க்கும் அலைவரிசையின் உச்ச விலையை 12 ரூபாவாகக் குறைத்தது. மீண்டும் வழக்குகள். 2022 நவம்பரில் அதே 19 ரூபா திரும்பி வந்தது. கழிவுக்கு 45 சதவீத எல்லை விதிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் புதிய விலைகளுக்குக் கையொப்பமிட மறுத்த கேபிள் நிறுவனங்களுக்குப் பெரும் ஒளிபரப்பாளர்கள் தமது அலைவரிசைகளைத் துண்டித்தனர். சுமார் நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் சம்மேளனம் கூறியது. சில நாட்களில் கேபிள் நிறுவனங்கள் பணிந்து கையொப்பமிட்டன. 2024 ஜூலையில், வலையமைப்புக் கட்டணத்துக்கான உச்ச வரம்பையும் ட்ராய் நீக்கிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிய ஓட்டம் ஏறத்தாழ தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கின்றது என்று கூறுவது மிகையாகாது.

புலம்பெயர்ந்த எமது உறவினர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் அனுபவமும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. செய்தி, விளையாட்டு, சமையல் எனத் தனித் துறைக்கான அலைவரிசைகள் அங்கு 1984 முதல் இயங்குகின்றன. அவற்றைப் பெரும் அடுக்குகளாகக் கட்டி விற்பதற்கு எதிரான முறைப்பாடுகள் குவிந்ததன் பின்னர், அந்நாட்டின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2015 மார்ச்சில் ஒரு முடிவை அறிவித்தது. 2016 மார்ச்சுக்குள் 25 டொலருக்கு மேற்படாத அடிப்படைப் பொதியை அனைவரும் வழங்க வேண்டும்; 2016 டிசெம்பருக்குள் அலைவரிசைகளைத் தனித்தனியாகவும் சிறு பொதிகளாகவும் வாங்கும் வசதி இருக்க வேண்டும். நிறுவனங்கள் கீழ்ப்படிந்தன. ஆனால் பெட்டி வாடகை தனி, இணையத்துடன் சேர்த்து எடுத்தால் கிடைத்து வந்த கழிவு இதற்கு இல்லை, தனி அலைவரிசையின் விலையோ பல டொலர். நான்கைந்து அலைவரிசைகளைச் சேர்த்ததும் பழைய கட்டணம் எட்டிவிடுகின்றது. அலைவரிசையின் உரிமையாளரும் அதனை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பியின் உரிமையாளரும் ஒரே நிறுவனமாக இருக்கும் நாட்டில் வேறு எதனை எதிர்பார்ப்பது?

ஆகவே, அலைவரிசைகளைத் தனித்தனியே விற்குமாறு ஒரு வரியில் சட்டம் இயற்றினால் பிரச்சினை தீரும் என நாம் வாதிட முற்படவில்லை. பொருளியல் அறிஞர்களும் இதில் எச்சரிக்கின்றனர். 2012 இல் குரோஃபோர்ட், யூருகோக்லு ஆகிய இருவரும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், தனி விற்பனை கட்டாயமாக்கப்பட்டால் ஒளிபரப்பாளர்கள் கேட்கும் விலை இரு மடங்குக்கு மேல் உயரும் எனவும், பார்வையாளர் அடையும் நன்மையை அது ஏறக்குறைய முழுமையாக விழுங்கிவிடும் எனவும் கண்டனர். அமெரிக்க ஆணைக்குழுவோ 2004 இல் தனி விற்பனையால் செலவு கூடும் என அறிக்கையிட்டு, தலைவர் மாறியதன் பின்னர் 2006 இல் முந்திய அறிக்கை பிழையானது, செலவு 13 சதவீதம் வரை குறையக்கூடும் என மற்றொரு அறிக்கையை வெளியிட்டது. நிபுணத்துவம் என்பதும் சில வேளைகளில் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரைப் பொறுத்தது போலும்.

எமது நாட்டில் நிலைமை என்ன? இந்தியாவும் கனடாவும் ஒழுங்குபடுத்த முயன்று இடறின. நாம் முயலவேயில்லை. தனியார் தொலைக்காட்சிக்கான அனுமதிப்பத்திரம் இன்றும் 1982 ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ், ஊடக அமைச்சரின் கையாலேயே வழங்கப்படுகின்றது. அச்சட்டம் எழுதப்பட்டபோது கட்டணத் தொலைக்காட்சி என்ற சொல்லே இந்நாட்டில் இல்லை. 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அலைக்கற்றைகளைக் கவனிக்கின்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அரிசி, சீனி விலைகளுடன் மல்லுக்கட்டுகின்றது. அலைவரிசைப் பொதி பற்றிய முறைப்பாட்டுடன் செல்பவர் இவ்விரண்டுக்கும் இடையில் அலைய நேரிடுகின்றது.

ஒளிபரப்புக்கு ஒரு தனி அதிகாரசபை வேண்டும் என்று கூறியவுடனேயே அச்சம் எழுவதற்கும் காரணம் உண்டு. 1997 இல் கொண்டுவரப்பட்ட ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம், அரசாங்கத்தின் தலையீட்டிலிருந்து சுதந்திரமான அமைப்பொன்றை அது உருவாக்கவில்லை என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2023 இல் வெளியான மற்றொரு சட்ட வரைவும் ஊடகங்களின் வாயை அடைப்பதற்கான முயற்சி எனக் கண்டிக்கப்பட்டது. அக்கண்டனங்களில் எமக்கும் உடன்பாடே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசுகள் இத்துறையில் கை வைக்க முற்படும்போதெல்லாம் அவற்றின் கண் செய்தியின் மீதே இருக்கின்றது; மக்கள் செலுத்தும் கட்டணப் பட்டியலின் மீது இருந்ததில்லை.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் இவ்விடயத்துக்கு மற்றொரு முகம் உண்டு. 1980 களில் யாழ்ப்பாணத்துக் கூரைகளில் உயர்ந்த அன்ரெனாக்கள் நின்றது தூர்தர்ஷனைப் பிடிப்பதற்காகவே. அதே காலத்தில் தமிழகத்தின் தென்கரையில் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்களும் உண்டு. கடலுக்கு இருபுறமும் எவரும் எவருக்கும் சந்தா கட்டவில்லை. பின்னர் போர் வந்தது. வடக்கில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள் வந்தன. இன்று அதே வீடுகளின் கூரைகளில் வட்டத் தட்டுகள் நிற்கின்றன. மலையகத்தின் பள்ளத்தாக்குகளில் சாதாரண அன்ரெனாவில் உள்ளூர் அலைவரிசைகளும் தெளிவாகக் கிடைப்பதில்லை என்பதால், லயன் அறைகளின் தகரக் கூரைகளிலும் அவை வரிசையாக நிற்கின்றன. 2021 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2024 இல் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தைப் பெற்ற ஒரு தொழிலாளி, செய்தியும் நாடகமும் பார்ப்பதற்கு ஒரு நாள் உழைப்பையோ அதற்கு மேற்பட்டதையோ மாதந்தோறும் கொடுக்கின்றார்.

விற்பவர் ஒரு பொதியை அமைக்கும்போது பெரும்பான்மையான வாடிக்கையாளரை மனதிற்கொண்டே அடிப்படைப் பொதியை வகுக்கின்றார். எஞ்சியவை 'விசேட' அலைவரிசைகள் என மேல்தட்டுக்குச் செல்கின்றன. கொழும்பில் கணக்கெழுதுபவருக்குத் தமிழ் அலைவரிசை ஒரு விசேட விருப்பம். மட்டக்களப்பில் அல்லது மூதூரில் உள்ள வீட்டுக்கு அதுதான் அடிப்படை. நோன்பு காலத்தில் மக்காவிலிருந்து வரும் இரவுத் தொழுகையின் நேரடி ஒளிபரப்பு, செய்மதியில் இலவசமாகவே கிடைப்பதாயினும், ஒரு கட்டணப் பொதிக்குள் வைக்கப்படும்போது அக்குடும்பம் அதனுடன் வேறு இருபது அலைவரிசைகளையும் வாங்க நேர்கின்றது. எது அடிப்படை, எது விசேடம் என்பதைத் தீர்மானிப்பது சந்தைப்படுத்தல் பிரிவின் வேலை மட்டுமாக இருக்கக் கூடாது என்பதே எமது கருத்து. கனடாவின் 25 டொலர் பொதியில் எவை இடம்பெற வேண்டும் என்பதை அந்நாட்டு ஆணைக்குழுவே நிர்ணயித்தது என்பதை இங்கு நினைவூட்டுவது பொருத்தமானது.

நிறுவனங்களின் பக்கத்திலும் சிரமங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வெளிநாட்டு அலைவரிசைகளுக்கு அவை டொலரிலேயே பணம் செலுத்துகின்றன. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றபோது அக்கட்டணங்கள் ஏறின. பெறுமதி சேர் வரி அவ்வாண்டு நடுப்பகுதி வரை 8 சதவீதமாக இருந்து, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. ஆனால் பின்னர் ரூபா ஓரளவு வலுப்பெற்றபோது பொதிகளின் விலை அதே விகிதத்தில் இறங்கியதாக எமக்கு நினைவில்லை.

இளையோர் இவற்றையெல்லாம் விட்டுக் கைத்தொலைபேசித் திரைக்குச் சென்றுவிட்டனர். எனவே இப்பிரச்சினை தானாகவே மறைந்துவிடும் என்போரும் உள்ளனர். மறையவில்லை, இடம் மாறுகின்றது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய வியாபாரமும் ரிலையன்ஸின் ஊடகப் பிரிவும் இணைந்து ஜியோஸ்டார் உருவானது. கிரிக்கெட்டும் நாடகமும் திரைப்படமும் ஒரே வாயிலுக்குள் சென்றுவிட்டன. அமெரிக்காவில் மூன்று பெரு நிறுவனங்கள் கூட்டாக ஆரம்பிக்க முயன்ற இணைய விளையாட்டுச் சேவையை 2024 ஓகஸ்டில் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. தாம் கேட்கும் விளையாட்டு அலைவரிசைகளுக்காக வேண்டாத அலைவரிசைகளையும் வாங்குமாறு அதே நிறுவனங்கள் பல ஆண்டுகள் தம்மை நிர்ப்பந்தித்தன என்பதே வழக்குத் தொடுத்தவர்களின் வாதங்களுள் ஒன்று. தட்டை வைத்திருப்போராக எஞ்சப்போவது முதியோரும் இணையத் தரவுக்குச் செலவிட இயலாதோரும்தான். வாடிக்கையாளர் குறையக் குறைய, எஞ்சியோர் மீது விலை ஏறுவதே வழமை.

விலை நிர்ணயத்தில் இந்தியா கண்ட தோல்வியைப் பார்த்த பின்னர், உச்ச விலை விதிக்குமாறு நாம் கேட்கப்போவதில்லை. அதனிலும் எளிய, எந்த நிறுவனத்தையும் நட்டப்படுத்தாத சில காரியங்கள் உள்ளன. பொதியில் உள்ள அலைவரிசைகளின் முழுப் பட்டியலும் மூன்று மொழிகளிலும் சந்தா பெறும் முன்னரே கையில் கொடுக்கப்பட வேண்டும். பொதியிலிருந்து ஓர் அலைவரிசை நீக்கப்பட்டால், அபராதமின்றி விலகும் உரிமை சந்தாதாரருக்கு இருக்க வேண்டும்; இன்று அலைவரிசை மறைந்த செய்தியே திரை கறுத்ததன் பின்னர்தான் தெரியவருகின்றது. மாதச் சந்தா செலுத்தப்படாவிட்டாலும் உள்ளூர் இலவச அலைவரிசைகள் அதே பெட்டியில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். வெள்ளமோ மண்சரிவோ நேரும் இரவில், தவணை தவறிய ஒரே காரணத்துக்காக ஒரு லயன் அறைக்குச் செய்தி கிடைக்காமல் போவது எவ்வகையிலும் நியாயமாகாது. நாட்டின் உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகள் அனைத்தும் மிகக் குறைந்த விலைப் பொதியிலேயே இடம்பெற வேண்டும்.

இவற்றுக்குப் புதிய அதிகாரசபையோ செய்தியைத் தணிக்கை செய்யும் அதிகாரமோ தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில் சில வரிகள் சேர்க்கப்பட்டால் போதுமானது. அந்நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரம் ஊடக அமைச்சரிடம் ஏற்கனவே இருக்கின்றது. வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஊடக அமைச்சின் ஒதுக்கீடு பற்றிப் பேச எழும் தமிழ், முஸ்லிம், மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களுள் ஒருவரேனும் இக்கேள்வியை அமைச்சரிடம் எழுப்புவார்களாயின், பதில் என்னவென்று அறிய நாமும் எமது நண்பரின் தாயாரும் ஆவலுடன் இருக்கின்றோம்.